சுவர்ப் பக்கம்

சதாசிவத்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் நிற்க முடியும். அதற்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வலி சுண்டி இழுக்கும். பிறகு அன்று முழுக்கக் கட்டிலை விட்டு எழ முடியாது. அதனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை அவன் யாருக்கும் தருவதில்லை. பெண்டாட்டிக்குக்கூட இல்லை. மேனேஜர் தோமருக்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான்.

காலை ஒன்பதரைக்கு கேட்டருகே ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். பெண்டாட்டி அம்சவேணி கையிலிருக்கிற சாணிக் கூடையை அப்படியே போட்டுவிட்டு அறைக்கு ஓடுவாள். அவனைப் புரட்டி எழுப்பி, இடுப்பு பெல்ட்டை இழுத்துக் கட்டி, மேலே ஸ்வெட்டரை மாட்டி, கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிடுவாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடந்தால் குதிரைக் குட்டியின் கொட்டடி. அதன் அரைக்கதவில் சாய்ந்து நின்று, அப்போதுதான் வேலையை முடித்த ஆள் மாதிரி சதாசிவம் பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சு மட்டும் நடிப்பில்லை.

"ராம் ராம், சாப்."

"பச்சீ கைசி ஹை, சதாசிவ்?"

"ஏக்தம் படியா, சாப்."

குட்டி பிரமாதமாக இருக்கிறது என்று கேட்டதும் தோமர் தலையாட்டிவிட்டு ஆபீஸ் வாசலில் வெயில் விழும் இடத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, வேர்க்கடலை உரிக்க உட்கார்ந்துவிடுவார். இரண்டரை மாதமாக இந்தக் கூத்து ஒரு நாள் தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

டெல்லியில், கிட்டோர்னியைத் தாண்டிப் பண்ணை வீடுகள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தக் குதிரை சவாரி க்ளப். இருபத்திரண்டு குதிரைகள். குதிரைக்காரர்களை அங்கே சைஸ் என்பார்கள். சதாசிவம் பதினோரு வருடமாக சைஸ். ஜங்புரா மதராசி கேம்ப்பிலிருந்து விடிவதற்கு முன் சைக்கிள் மிதித்து வேலைக்கு வருவான். அம்சவேணி அங்கேயே பக்கத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். போன ஜூனில் கேம்ப்பை இடித்துத் தள்ளினார்கள். இவர்களுக்கு நரேலாவில் ஃபிளாட் கிடைத்தது. சுவர் இருந்தது, கூரை இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் மகள் கவிப்ரியா படிக்கிற மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கு அங்கிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அவள் ப்ளஸ் டூ. பிப்ரவரி நடுவில் போர்டு பரீட்சை ஆரம்பித்தால் ஏப்ரல் பத்தாம் தேதி கடைசிப் பரீட்சை. சதாசிவம் தோமரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, லாயத்துக்குப் பின்னால் ஓர் அறையும் அம்சவேணிக்குச் சாணி அள்ளும் வேலையும் வாங்கினான். அந்த அறை இருக்கிற வரைதான் கவிக்குப் பள்ளிக்கூடம். இதை அம்சவேணி தினமும் ஒரு தடவையாவது தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தீபாவளி வாரத்தில் அந்தப் பெண் குட்டி வந்தது. மூன்று வயது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் விரலால் சுண்ணாம்பு வைத்தாற்போல ஒரு வெள்ளை. பெயர் ஷப்னம். பண்ணையில் திறந்த வெளியில் அலைந்த குட்டி. முதுகில் ஒரு துணிகூடப் பட்டதில்லை. குர்காவ்ன்காரர் ஒருவர் தன் பெண்ணுக்காகப் பேசி வைத்திருந்தார். பிப்ரவரி முதல் ஞாயிறு வருவார். அதற்குள் குட்டி ஆளை ஏற்றிப் பழகியிருக்க வேண்டும். குட்டி வந்த நாலாம் நாள், கடலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் சறுக்கி விழுந்தான் சதாசிவம். முதுகெலும்பில் வட்டு நகர்ந்துவிட்டது, மூன்று மாதம் படுக்கை என்றார் டாக்டர். தோமருக்கு அதைச் சொல்லவில்லை. சாதாரண சுளுக்கு என்றார்கள்.

"ஜல்தி டீக் ஹோ ஜாவ், சீக்கிரம் தேறு," என்றார் தோமர். "இந்தக் குட்டியை முடித்துக் கொடு. முடியாது என்றால் இப்போதே சொல். க்வார்ட்டரை வேறு சைஸுக்குக் கொடுக்க வேண்டும்."

முடியும் என்று சதாசிவம் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு, சாணி அள்ளும் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

அவனுக்குப் பதில் அவள்தான் குட்டியைப் பழக்குகிறாள் என்பது மற்ற சைஸ்களுக்குத் தெரியும். மூத்தவர் ரம்ஜானி பாய், விடியற்காலை ஆறிலிருந்து ஏழரை வரை பின்பக்கத்துப் பழைய மணல் மைதானத்துக்கு யாரும் போகாமல் பார்த்துக்கொண்டார். அது அறையிலிருந்து முந்நூறு அடி தள்ளி, வேலிக்கருவைக்கு அந்தப் பக்கம் இருந்தது. சதாசிவத்தால் அங்கே நடந்து போக முடியாது. போனால் தோமருக்கான பதினைந்து நிமிடம் செலவாகிவிடும். அதனால் அவன் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடியே வாயால் குதிரை பழக்கினான். அறையின் ஒரே ஜன்னல் எருக்குவியலைப் பார்த்து இருந்தது.

"இன்னைக்கு என்னா செஞ்ச?"

"முதுவுல கோணி போட்டேன்."

"ஒதச்சிதா?"

"திரும்பிப் பாத்துச்சி. என்னாடி இது புதுசான்னு கேக்கறாப்புல."

"எவ்ளோ நேரம் வெச்சிருந்த?"

"நூறு எண்ணனேன். எண்ணி முடிக்கறதுக்குள்ள வாயால கவ்வி இழுத்துப் போட்டுட்டுச்சி."

"இழுக்கட்டும், இழுக்கட்டும். பயம் வுட்டாத்தான் வெளையாடும். நாளைக்கும் அதே கோணியப் போடு. மாத்தாத."

"உம் பொண்ணுக்கு நான் இவ்ளோ பொறுமையா ஒரு பாவாட கட்டிவுட்டதில்ல."

கவிப்ரியா மூலையில் ரஜாயைப் போர்த்துக்கொண்டு ஹிஸ்டரி புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பாள். "மம்மி, என்னை டிஸ்டர்ப் பண்ணாதீங்க. குதிரைக்கு என்னா போர்டு எக்ஸாமா?"

"அதுக்கும் எக்ஸாமுதாண்டி," என்பான் சதாசிவம்.

அந்த வருடம் ஜனவரி முழுக்கப் பனி. விடியும்போது கையை நீட்டினால் விரல் தெரியாது. அம்சவேணி ஐந்து மணிக்கு எழுந்து பெரிய அலுமினிய அண்டாவில் கோதுமைத் தவிடும் ஆளிவிதையும் வேகவைத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் கிளறுவாள். அந்த ஆவியில் கையைக் காட்டி விரல்களை மடக்கி நீட்டிக்கொள்வாள். வெல்ல வாசனைக்கு வரிசையாக எல்லாக் குதிரைகளும் கதவை உதைக்கும். ஒரு தம்ளர் கஞ்சியைத் தனக்கு எடுத்துக் குடித்துவிட்டுத்தான் குட்டிக்குக் கொண்டுபோவாள். கேட்க ஆள் இல்லை. குதிரை புகார் சொல்லப் போவதில்லை.

குட்டியின் கொட்டடி ஒரு கொட்டடியே இல்லை. லாயம் நிரம்பிவிட்டதால், கோடியில் தீவனம் போட்டு வைக்கிற இடத்தைப் பலகை அடித்துப் பாதியாக்கி அதில் கட்டியிருந்தார்கள். முன்னால் தீவனத் தொட்டி. இடது பக்கம் செங்கல் சுவர், குட்டியின் விலாவை உரசிக்கொண்டு. வலது பக்கம் ஓர் ஆள் நிற்கலாம், அதுவும் ஒல்லியான ஆள். முழுதாகத் திரும்பிப் படுக்கக்கூட அதற்கு இடம் போதாது. முதல் நாள் அதைப் பார்த்தபோது அம்சவேணிக்குத் தன் அறைதான் ஞாபகம் வந்தது. இரும்புக் கட்டிலைப் போட்டபின் அங்கேயும் ஒருவர்தான் நிற்க முடியும்.

ஆகவே எல்லாவற்றையும் அவள் வலது பக்கத்திலிருந்தே செய்தாள். வலது கையால் வலது விலாவைத் தேய்த்தாள். முதுகுக்கு மேலே எக்கி, நீளக் கைப்பிடி போட்ட பிரஷால் அந்தப் பக்கத்தைத் தேய்த்தாள். வயிற்றுக்கு அடியில் கையை விட்டு இடது குளம்புகளையும் சுரண்டிவிட்டாள். முகக் கயிற்றை வலப் பக்கம் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். மணல் மைதானத்தில் நீளக் கயிற்றில் சுற்ற விடும்போதும் வலது பக்கம் நின்றே சுற்ற விட்டாள். குட்டியும் அவளைச் சீக்கிரமே ஏற்றுக்கொண்டது. காலடிச் சத்தம் கேட்டால் போதும், வலது காது மட்டும் அவள் பக்கம் திரும்பும். அவள் பேசப் பேச உதட்டைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்கும். அம்சவேணிக்கும் பேச நிறைய இருந்தது. கேம்ப்பில் பக்கத்து வீடுகள் இருந்தன, தண்ணீர் லாரி வரிசை இருந்தது, சண்டை போட ஆள் இருந்தது. இங்கே தமிழ் பேச ஒரு படுக்கைக்காரன், ஒரு பரீட்சைக்காரி, அப்புறம் இந்தக் குட்டி.

பொங்கலுக்கு மறுநாள் சதாசிவம் சொன்னான். "இன்னைக்கு ஒடம்பப் போட்டுரு."

"என்னாது?"

"ஏறி ஒக்காரச் சொல்லல. நெல்லு மூட்ட கணக்கா குறுக்கால படு. வயித்தால. மூச்சு ரெண்டு வுட்டுட்டு எறங்கிடு. ஒதறுச்சின்னா வழுக்கிக்கினு வந்துடலாம்."

"யோவ், எனக்கு நாப்பது வயசுய்யா."

"குதிரைக்கா தெரியப் போவுது?"

"பப்பா, மம்மிய மார் டாலோகே க்யா, கொன்னுடப் போறீங்களா?" என்றாள் கவி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒசரத்துக்கு என்னா செய்யறது? எட்டாதே."

"எதுமேலயாவது ஏறிக்கோ. தண்ணித் தொட்டி இருக்குது இல்ல, மைதானத்துல? அதும்மேல நின்னுக்கோ."

தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, ரம்ஜானி பாய் கொடுத்த பழைய பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அம்சவேணி தன் குலசாமிகள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு குட்டியின் வலது விலாப் பக்கமிருந்து அதன் முதுகில் குப்புற விழுந்தாள். குட்டி நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. அதன் இதயம் அவள் வயிற்றில் அடித்தது. அவளுடையதும் அடித்தது, எது எதுவென்று தெரியவில்லை. இரண்டு மூச்சு சொன்னான், இவள் பத்து மூச்சு கிடந்தாள். பனிக்குளிரில் அந்தச் சூடு அவ்வளவு சுகமாக இருந்தது.

அன்று அறைக்கு வந்து அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, சதாசிவம் அழுதுவிடுவான் போலிருந்தது.

ஒன்பதாம் நாள் இரு புறமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். பதிமூன்றாம் நாள் சேணத்தோடு, அங்கவடியில் கால் வைத்து நடத்தினாள். ஜனவரி முடியும்போது ஓட்டமும் வந்தது. "லகானை இழுக்காத. கேக்கறாப்புல புடி," என்று அவன் சொன்னதை அவள் செய்துவிட்டு வந்து சொல்வாள், அவள் சொன்னதை அவன் கண்ணை மூடிப் பார்த்துக்கொள்வான். அவன் மனதில் ஓடிய படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியும் அதில் இடப் பக்கம்தான் இருந்தது.

பிப்ரவரி முதல் ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட குர்காவ்ன்காரர் வந்தார். கூடவே ரஜத் என்று ஒரு சவாரிக்கார இளைஞன், பளபளக்கும் பூட்ஸும் தலைக் கவசமுமாக. மற்ற மைதானத்தில் சவாரி வகுப்பு நடந்ததால் பழைய மணல் மைதானத்துக்கே குட்டியைக் கொண்டுவரச் சொன்னார் தோமர். சதாசிவம் அன்று பதினைந்து நிமிடக் கட்டுப்பாட்டை மீறி, பல்லைக் கடித்துக்கொண்டு முந்நூறு அடி நடந்து வேலியைப் பிடித்து நின்றான். காய்ச்சல், அதனால் ஏறிக் காட்ட முடியவில்லை, ஐயாவே ஏறிப் பார்க்கலாம், பசுமாடு மாதிரி நிற்கும் என்று சொல்லி வைத்திருந்தான். குட்டியை ரம்ஜானி பாய் பிடித்திருந்தார். அம்சவேணி சாணிக் கூடையோடு ஓரமாக நின்றாள். சாணி அள்ள அங்கே ஒன்றும் கிடக்கவில்லை.

ரஜத் குட்டியைச் சுற்றி வந்து, "நைஸ்," என்றான். கழுத்தைத் தட்டினான். வாரை இறுக்கினான். பிறகு, உலகத்தில் எந்தச் சவாரிக்காரனும் செய்வதுபோல், அதன் இடது பக்கம் போனான்.

குட்டியின் இடது காது விறைத்தது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. அவன் அங்கவடியில் காலை வைத்து எம்பினான். அவ்வளவுதான். குட்டி அப்படியே சுழன்று, முதுகைக் கூனிக் குதித்து, அவனை மணலில் எறிந்துவிட்டு வேலியோரம் போய் நடுங்கியது. ரஜத் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, சிரித்துவிட்டு, மறுபடி போனான். மறுபடியும் விழுந்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

சதாசிவம் வேலியில் சாய்ந்தபடி, உதடு அசையாமல் கேட்டான். "வேணி, நீ எந்தப் பக்கமா ஏறுவ?"

"எந்தப் பக்கமான்னா? தொட்டிப் பக்கந்தான்."

அவன் தொட்டியைப் பார்த்தான். மூன்று பக்கமும் வேலிக்கருவை மூடிக் கிடந்தது. வலப் பக்கம் பிடித்து வருகிறவள் குட்டியை அங்கே நிறுத்தினால் அதன் வலது விலாதான் தொட்டியை ஒட்டி நிற்கும்.

"எடப் பக்கம் போனதே இல்லியா? ஒரு நாளும்?"

"அந்தப் பக்கம் செவுருதான இருக்குது, அங்க? நீ சொல்லவே இல்லியே."

சொல்லவில்லை. குதிரையில் இடப் பக்கமாக ஏறுவது அவனுக்குச் சோற்றை வலது கையால் சாப்பிடுவது மாதிரி. அதை ஒருத்திக்குச் சொல்லித் தர வேண்டும் என்று எப்படித் தோன்றும்? "குதிரைக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு ஊருடி," என்றான். "இந்தக் கண்ணு பாத்துப் பழகனது அந்தக் கண்ணுக்குத் தெரியாது. எடப் பக்கத்துக்கு அது இன்னும் காட்டுக் குட்டிதான்."

தோமர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். "சதாசிவ்! இதுதான் உன் ஏக்தம் படியாவா? மூணு மாசம் என்ன செய்தாய்? நாளைக்கே அறையைக் காலி செய்!"

அம்சவேணிக்கு யோசிக்க நேரமில்லை. வாயைத் திறக்காவிட்டால் அறை போயிற்று. திறந்தாலும் அவன் முதுகு விஷயம் வெளியே வந்து அறை போகலாம். கூடையைக் கீழே போட்டாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். ரம்ஜானி பாயிடமிருந்து கயிற்றை வாங்கி, குட்டியின் வலப் பக்கமாக நடந்து, அதைத் தொட்டியருகே கொண்டுபோனாள்.

"அரே, அரே, யே க்யா கர் ரஹீ ஹை?" என்று தோமர் கத்துவதற்குள் அவள் சேணத்தின் மேல் இருந்தாள்.

குட்டி பெருமூச்சு விட்டது. அவள் அதை நடத்தி, ஓட்டி, இரண்டு சுற்று சுற்றி வந்து, குர்காவ்ன்காரர் முன்னால் நிறுத்தினாள். காலில் ரப்பர் செருப்பு. ஒன்று வழியில் எங்கோ விழுந்திருந்தது.

பிறகு குர்காவ்ன்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "குதிரை நல்ல குதிரை. எனக்கு வேண்டும். ஆனால் ஒரு பக்கக் குதிரையை என் பெண்ணுக்குக் கொடுக்க முடியாது. அவள் பிறந்தநாள் மே மாதம். இடது பக்கம் சரியான அன்று போன் செய்யுங்கள். மறுநாளே வண்டி அனுப்புகிறேன்."

அவர் போன பிறகு தோமர் உண்மையெல்லாம் கேட்டு வாங்கினார். பெல்ட்டைக் காட்டச் சொன்னார். கோபப்படுவார் என்று பார்த்தால், அசதியோடு பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது. "நிற்க முடியாதவன் சைஸ் இல்லை, சதாசிவ். எனக்கும் மேலே பதில் சொல்ல வேண்டும். குட்டி இவளிடம்தான் நிற்கிறது, அதனால் இவளே முடிக்கட்டும். குட்டி வண்டி ஏறுகிற அன்று சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள். புது ஆள் வருவான்."

அன்று மதியம் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து ரம்ஜானி பாய் வாங்கி வந்திருந்த கருவாடு. மூன்று பேரும் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள்.

"அப்ப ஏப்ரல் பத்து வரைக்கும் அது பழகக் கூடாது," என்றான் சதாசிவம்.

"பழகலன்னா தொரத்திடுவான்னு இவ்ளோ நாளா பயந்தோம்."

"இப்ப பழகுனாத் தொரத்துவான். பழகாமயே இருந்தாலும் சந்தேகப்படுவான். கொஞ்சம் கொஞ்சமா வராப்புல காட்டு. இழு."

"அதுகிட்ட யாரு சொல்றது?"

"என்னாத்த?"

"மெதுவாக் கத்துக்கன்னு."

கவி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் வேணும்னா நரேலாலேர்ந்தே போறேன், மம்மி. நாலு மணிக்குக் கெளம்பினா…"

"வாய மூடிக்கினு சாப்புடு," என்றாள் அம்சவேணி. அவ்வளவு கோபமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள் காலை அவள் முதன்முதலாகச் சுவர்ப் பக்கம் போனாள். குட்டியின் தலைக்கு முன்னால் குனிந்து, தொட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில் புகுந்து, சுவரை ஒட்டி உடம்பை நுழைத்தாள். குட்டிக்கு அந்தப் பக்கம் ஆள் என்றால் என்னவென்றே தெரியாது. அப்படியே சாய்ந்தது. முந்நூறு நானூறு கிலோ. அவள் முதுகில் செங்கல், மார்பில் விலா எலும்பு. கத்தினால் இன்னும் நெருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்த கொஞ்சம் மூச்சில் பேசினாள். "நாந்தாண்டி. அந்தப் பக்கம் இருப்பனே, அதே ஆளுதாண்டி. பாரு." குட்டி கழுத்தை வளைத்து மோந்து பார்த்தது. வாசனை அதே வாசனை. வலது காலை எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்தது.

"வேணி, என்னா சத்தத்தையே காணோம்?" அறையிலிருந்து சதாசிவம் கத்தினான்.

"ஒண்ணுமில்ல," என்றாள், மூச்சு வந்த பிறகு.

மெதுவாகக் கற்றுக்கொள்ளத்தான் அந்தக் குட்டிக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் சுவர்ப் பக்கம் அவளுக்குத் தானாக இடம் விட்டது. எட்டாம் நாள் தன் இடது தோளை அவளிடம் சொறியக் கொடுத்தது. அங்கே யாரும் இதுவரை சொறிந்துவிட்டதில்லை அல்லவா, அவள் சொறியச் சொறிய உதட்டை நீட்டி நீட்டிக் காட்டியது. பதினைந்தாம் நாள், பனியில் யாருக்கும் தெரியாமல், ஓர் உடைந்த நாற்காலியைப் போட்டு இடது பக்கமிருந்து ஏறினாள். நின்றது. அவள் இறங்கி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஏண்டி இப்பிடி இருக்க நீ," என்று திட்டினாள். ஊரில் இருக்கிற முரட்டுக் குதிரையெல்லாம் யார் யாருக்கோ வாய்க்கிறது.

பிப்ரவரி இருபத்துமூன்று. கவிக்கு அன்று பரீட்சை. காலை ஏழரை மணி. அம்சவேணி சுவர்ப் பக்கம் நின்று, கையில் சிறு இரும்புக் கம்பியோடு, குட்டியின் இடது முன்குளம்பைத் தூக்கிச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இந்த நேரத்துக்கா? அவள் நிமிர்வதற்குள் தோமர் அரைக்கதவில் வந்து நின்றார், மஃப்ளர் சுற்றிக்கொண்டு.

"குர்காவ்னிலிருந்து போன் வந்தது. லெஃப்ட் ஹுவா க்யா? இடது பக்கம் பழகிவிட்டதா?"

குட்டி இடது பக்கம் அவள்மேல் சுகமாகச் சாய்ந்துகொண்டு, ஒரு பின்காலைத் தளர்த்தி, அரைத் தூக்கத்தில் நின்றது. இதைவிடப் பழகிய குதிரையை டெல்லி முழுக்கத் தேடினாலும் காட்ட முடியாது. தோமர் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. கதவுக்கு மேலே கையை நீட்டி, அதன் இடது புட்டத்தைத் தட்டப் போனார்.

அம்சவேணி கம்பியைத் திருப்பிப் பிடித்தாள். முன்காலுக்குப் பின்னால், வார் பூட்டுகிற இடத்தில் தோல் மெல்லிசாக இருக்கும். அங்கே குத்தினாள்.

குட்டி வீறிட்டது. பின்னங்காலால் பலகையை உதைத்தது; வாளி எகிறிப் போய்க் கதவில் மோதியது. தோமர் மூன்றடி பின்னால் தாவினார். "அரே பாப் ரே! இன்னும் அப்படியேதான் இருக்கிறது!"

"ஹான், சாப்," என்றாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு. "டைம் லகேகா. இன்னும் நாளாகும்."

"சம்பால் கே, ஜாக்கிரதை," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நல்ல மனிதர்தான்; உண்மையாகவே கவலைப்பட்டார்.

அம்சவேணி கையை நீட்டினாள். குட்டி அவளை விட்டு விலகி, அவள் வெளியே வந்ததும் இடது பக்கத்தை முழுசாகச் சுவரோடு சேர்த்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் இனி ஒரு விரல் நுழையாது. அவளுக்கு அழுகை வந்தது. வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளையைச் சோற்றுத் தட்டின் முன்னால் அடித்ததுபோல இருந்தது.

"என்னா சத்தம், வேணி?"

"ஒண்ணுமில்ல. வாளி வுழுந்துச்சி."

கவிப்ரியா சீருடையும் ஹால் டிக்கெட்டுமாக வெளியே வந்தாள். கிண்ணத்தில் தயிரும் சர்க்கரையும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா கையால் தஹீ-ஷக்கர் ஊட்டி அனுப்ப வேண்டும். டெல்லியில் பிறந்த பிள்ளை, அதை விடமாட்டாள். "மம்மி, ஜல்தி. பஸ் போய்டும்."

அம்சவேணி குழாயடியில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினாள். ஒரு ஸ்பூன் எடுத்து ஊட்டினாள்.

"கை ஏன் இப்பிடி செவந்து கெடக்குது?"

"தண்ணி ஐஸா இருக்குது. நல்லா எழுது, போ."

மகள் கேட்டைத் தாண்டிப் பனிக்குள் மறையும் வரை நின்றாள். ஏப்ரல் பத்துக்கு இன்னும் நாற்பத்தாறு நாள். இன்னும் எத்தனை தடவை தோமர் கதவில் வந்து நிற்பாரோ, அத்தனை தடவை. கிண்ணத்தில் மிச்சமிருந்த தயிரை வழித்துக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டடிக்குப் போனாள். இடது பக்கம் போகவில்லை. போக முகமில்லை. எப்போதும்போல வலது பக்கமாகப் போய்க் கையை நீட்டினாள்.

குட்டியின் வலது காது அவள் பக்கம் திரும்பியது. மூக்கை நீட்டி அவள் விரலிலிருந்த சர்க்கரையை நிதானமாக நக்கியது. அந்தக் கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.